பாகம் வரும் என்று நான் சொன்ன பதினொரு வாரங்கள்

1. கால்விரிப்பு

அந்தச் சீனக் கார் எங்கள் ஷோரூமுக்கு வந்த முதல் நாளில் அதன் கால்விரிப்பைப் பார்த்து வேர்க்ஷொப்பில் எல்லோரும் சிரித்தோம். சாரதியின் குதிக்கால் படுகிற இடத்தில் தேய்ந்துபோகாமல் இருக்க ஒரு தடித்த இறப்பர்த் துண்டு ஒட்டியிருப்பார்கள். ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது, அந்த இறப்பர்த் துண்டோ இடது பக்க விரிப்பில் இருந்தது. வேறு ஏதோ நாட்டுக்குப் போகவேண்டிய பெட்டி எங்களிடம் வந்துவிட்டது. நான் அன்றைக்கே படம் எடுத்து இறக்குமதியாளருக்கு அனுப்பினேன். சரியான விரிப்பு வர நாலு மாதம் ஆனது. அதையும் சிரித்துத்தான் கடந்தோம்.

நான் மெல்பேர்னில் இருபத்திரண்டு வருடம் பார்ட்ஸ் கவுன்டரில் வேலை செய்தவள். பெண்கள் குறைவான வேலை. மெக்கானிக் வந்து இன்னது உடைந்துவிட்டது என்பார். காரின் அடையாள எண்ணைக் கொம்பியூட்டரில் போட்டு, அந்தக் காருக்குரிய பாகத்தின் இலக்கத்தைக் கண்டுபிடித்து, இருந்தால் எடுத்துக் கொடுப்பேன், இல்லாவிட்டால் ஓடர் போடுவேன். முதலில் இந்த நாட்டிலேயே செய்த பெரிய கார்களுக்குப் பார்ட்ஸ் கொடுத்தேன். ஒரு பாகம் இல்லையென்றால் காலையில் போன் பண்ணுவேன், மத்தியானம் வான் வண்டியில் வந்து இறங்கும். இங்கே கார் செய்வதை நிறுத்தியபிறகு அந்த டீலரும் மூடிவிட்டார். டண்டினோங் பக்கம் இருந்த வேறொரு டீலரிடம் சேர்ந்தேன். கொஞ்சக் காலத்தில் அவர் இந்தச் சீனச் சின்னக் காரை எடுத்து விற்கத் தொடங்கினார்.

கார் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். மலிவு. பெற்றோல் அதிகம் குடிக்காது. ஏழு வருட வாரண்டி. முதியோர் இல்லங்களில் வேலை செய்கிற பெண்கள், பென்ஷன்காரர்கள், புதிதாக நாட்டுக்கு வந்தவர்கள் வாங்கினார்கள். அதுவரை பழைய கார்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, யாரும் உட்காராத கதிரையில் முதல் ஆளாக உட்காருவது பெரிய சந்தோஷம். அந்த முகங்களை நான் கவுன்டரில் இருந்து பார்த்திருக்கிறேன்.

2. கடைசி எழுத்து

அதே கார் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. சிலிக்குப் போனது. எகிப்துக்கும் வளைகுடாவுக்கும் போனது. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். பாகங்களின் இலக்கத்தில் மட்டும் கடைசியில் ஓர் எழுத்து மாறும். அது எந்த நாட்டுக்கான பாகம் என்பதைச் சொல்லும் எழுத்து. அவுஸ்திரேலியா அவர்களுக்குச் சின்னச் சந்தை. அதனால் எங்கள் எழுத்தில் முடிகிற பாகங்களைக் கொஞ்சமாகத்தான் செய்தார்கள். வடிகட்டி, பிரேக் பாட் போன்றவை தாராளமாகக் கிடைக்கும். அபூர்வமாகப் பழுதாகிற பொருள் என்றால் தொழிற்சாலை அடுத்த முறை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். எப்போது செய்வார்கள் என்று எங்களுக்கும் தெரியாது, சிட்னியில் இருந்த இறக்குமதியாளருக்கும் தெரியாது.

எங்கள் மனேஜர் டேரன். சத்தம் போடாத மனிதர். பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி வருவார். அவர் எனக்கு இரண்டு விஷயம் சொல்லித் தந்தார்.

ஒன்று, எவர் கேட்டாலும் இரண்டு வாரம் என்று சொல். “தெரியாது என்று சொன்னால் கவுன்டருக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். இரண்டு வாரம் என்றால் யாரும் கோபத்தோடு போனை வைப்பதில்லை” என்றார்.

மற்றது லோன் கார் பற்றியது. வாரண்டி வேலை நீண்டுபோனால் வாடிக்கையாளருக்குக் கொடுக்க யார்டில் இரண்டு கார் நின்றன. சாவி டேரனுடைய மேசை லாச்சியில் இருக்கும். கேட்கிறவர்களுக்குக் கொடு, கேட்காதவர்களுக்கு ஞாபகப்படுத்தாதே என்றார். கேட்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். இங்கிலிஷ் நன்றாகக் கதைப்பவர்கள். தங்களுக்கு என்ன உரிமை என்று வாசித்துவிட்டு வருகிறவர்கள்.

இரண்டுக்கும் நான் தலையாட்டினேன். அப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏற்கெனவே ஒரு டீலர் மூடி, வேலை தேடி அலைந்தவள். இந்தக் கவுன்டரையும் விட்டால் வேறு எவரும் எடுக்கமாட்டார்கள் என்ற பயம் எப்போதும் இருந்தது.

3. குகநாதன்

ஒருநாள் விற்பனைப் பகுதியில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தமிழ் ஆள் ஒருவர் வந்திருக்கிறார், கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல் என்றார்கள். அப்படித்தான் குகநாதனைச் சந்தித்தேன். நாற்பது வயது இருக்கும். முல்லைத்தீவுக்காரர். படகில் வந்து பல வருடம் தற்காலிக விசாவில் இழுபட்டவர். கிரான்பர்னில் மனைவி சுகந்தியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தார். கிரான்பர்னைத் தாண்டி மரக்கறித் தோட்டம் ஒன்றில், கீரையும் செலரியும் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டிலில் வேலை. காலை ஆறு மணிக்குத் தொடங்கவேண்டும். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் இல்லை.

விற்பனையாளர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து, “அக்கா, நீங்களெண்டால் இதை வாங்குவீங்களோ?” என்றார்.

“ஓம், வாங்குவன்” என்றேன். பொய் இல்லை. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. சேர்விஸுக்கு வரும்போதெல்லாம் கவுன்டருக்கு வந்து கதைத்துவிட்டுப் போவார். தோட்டத்தில் இருந்து ஒருநாள் ஒரு பை நிறைய லீக்ஸ் கொண்டுவந்து தந்தார்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு சுற்றுவட்டத்தில் கியர் மாறாமல் கார் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தார்கள். கியர்பொக்ஸைக் கட்டுப்படுத்துகிற, உள்ளங்கையளவு மின்னணுப் பெட்டி ஒன்று பழுது. வாரண்டிக்குள் இருந்ததால் செலவில்லை. ஆனால் எங்கள் எழுத்தில் முடிகிற பெட்டி அவுஸ்திரேலியாவில் ஒன்றுகூட இல்லை.

அவர் கவுன்டருக்கு வந்தார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்.

“ரெண்டு கிழமை” என்றேன்.

“அப்ப பிரச்சினை இல்லை. ரெண்டு கிழமையெண்டால் சமாளிப்பன்” என்றார். தன்னோடு வேலை செய்கிற ஒருவர் நோபல் பார்க்கில் இருந்து வருகிறார், வழியில் ஏற்றிக்கொண்டு போவார் என்றார். லோன் கார் கேட்கவில்லை. அப்படி ஒன்று உண்டு என்பது அவருக்குத் தெரியாது. டேரனின் கதவு திறந்துதான் இருந்தது. நான் குகநாதனுக்குச் சொல்லவில்லை.

4. டர்பனில் இருந்து ஒரு மின்னஞ்சல்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து மூன்றரை மணிபோல குகநாதன் போன் பண்ணுவார். “அக்கா, குகன் கதைக்கிறன். எங்கட சாமான் என்னமாதிரி?” என்பார். எங்கட சாமான் என்றுதான் சொல்வார், தன்னுடையதும் என்னுடையதும் போல. நான் இன்னும் இரண்டு கிழமை என்பேன். அவர் ஒருபோதும், போன கிழமையும் இதைத்தானே சொன்னீங்கள் என்று கேட்டதில்லை. சரியக்கா, உங்களுக்கும் கரைச்சல்தான் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைப்பார்.

நாலாவது வாரம் எனக்கே தாங்கவில்லை. தொழிற்சாலையின் இணையதளத்தில் மற்ற நாடுகளின் டீலர்களுடைய விபரம் இருக்கும். தென்னாப்பிரிக்காவிலும் ஸ்டியரிங் வலது பக்கம்தான். அதனால் டர்பனில் இருந்த ஒரு பார்ட்ஸ் கவுன்டருக்கு எழுதினேன். அடுத்த நாளே பதில் வந்தது. எழுதியவர் ஒரு பெண். என் பெயரைப் பார்த்து, மேலே இங்கிலிஷ் எழுத்தில் ‘வணக்கம்’ என்று போட்டிருந்தார். அவருடைய மூதாதையர் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழர்களாம். அந்த ஒரு வார்த்தையும் சில சாப்பாட்டுப் பெயர்களும்தான் தனக்கு மிச்சம் என்று எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே வேலை விஷயம் எழுதியிருந்தார். அந்தப் பெட்டி தன்னுடைய ஸ்டோர்த் தட்டில் நாலு இருக்கிறது. உங்களுடையதும் எங்களுடையதும் ஒரே பெட்டிதான், உள்ளே ஏற்றுகிற புரோகிராம்தான் வேறு, கடைசி எழுத்து அதைத்தான் காட்டுகிறது, உங்கள் வேர்க்ஷொப்பில் உங்கள் நாட்டுப் புரோகிராமை ஏற்றினால் வேலை செய்யும் என்றார். எங்கள் தலைமை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவரும் சரிதான் என்றார். ஐந்து நாளில் விமானத்தில் வந்துவிடும்.

டேரனிடம் கொண்டுபோனேன். வாசித்தார். காரின் எண்ணும் பாகத்தின் எழுத்தும் ஒத்துவராவிட்டால் இறக்குமதியாளர் வாரண்டிக் கோரிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்றார். சிட்னிக்கு எழுதிக் கேள் என்றார். எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

நான் சிட்னிக்குப் போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கலாம். குகநாதனிடமே இப்படி ஒரு வழி இருக்கிறது, நீங்கள் வந்து மனேஜரிடம் கேளுங்கள், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. டர்பன் பெண்ணுக்கு, பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று ஒரு வரி எழுதியதோடு சரி. அந்த வெள்ளிக்கிழமை போன் வந்தபோதும் இரண்டு கிழமை என்றே சொன்னேன். ஏழாவது, எட்டாவது வாரங்களில் எனக்கு அது பொய் சொல்வதாகவே படவில்லை. வாயில் பழகிவிட்டது.

5. செவ்வாய்க்கிழமைக் காலை

பதினோராவது வாரம், செவ்வாய்க்கிழமை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் சுகந்தி போன் பண்ணினார். அதுவரை அவரோடு நான் இரண்டு மூன்று தரம்தான் கதைத்திருப்பேன். குரல் உயரவில்லை, அழவும் இல்லை.

“அக்கா, கார் சரிவந்தால் அங்கேயே நிக்கட்டும். இவர் இப்ப வந்து எடுக்க ஏலாது. ஹொஸ்பிட்டலில இருக்கிறார்” என்றார்.

பிறகுதான் முழுக்கச் சொன்னார். நோபல் பார்க்கில் இருந்து வந்து ஏற்றிப்போனவர் மூன்று வாரத்துக்கு முதல் அந்த வேலையை விட்டு ஷெப்பர்ட்டனுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து குகநாதன் சைக்கிளில் போயிருக்கிறார். வீட்டில் இருந்து தோட்டத்துக்குப் பதினான்கு கிலோமீற்றர். ஓரத்தில் சைக்கிளுக்கென்று பாதை இல்லாத ரோட்டு. முந்தினநாள் விடியப் பனிமூட்டம். பின்னால் வந்த யூட் என்கிற சின்னப் பாரவண்டி ஒன்றின் பக்கக் கண்ணாடி தோளில் தட்டி வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு உடைந்து, சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. யூட்காரர் நிறுத்தி அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த மனிதர் ஹொஸ்பிட்டலுக்கும் வந்து அழுதாராம்.

சைக்கிளில் போகிற விஷயத்தை அவர் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குச் சொன்னால் நீங்கள் கவலைப்படுவீங்கள், இன்னும் இரண்டு கிழமைதானே என்று சொன்னவர் என்றார் சுகந்தி.

நான் போனை வைத்துவிட்டு எழுந்து டேரனிடம் போய்ச் சொன்னேன். அவர் உண்மையாகவே வருந்தினார். பூ அனுப்பச் சொன்னார். யார்டில் இரண்டு லோன் காரும் நின்றன. அந்தப் பதினொரு வாரத்தில் பாதி நாள் இரண்டும் ஒருவருக்கும் போகாமல்தான் நின்றிருக்கும்.

6. சாவி

ஞாயிற்றுக்கிழமை ஹொஸ்பிட்டலுக்குப் போனேன். குகநாதன் படுக்கையில் இருந்தபடியே, கதிரையை இழுத்துப்போட்டு இருங்கோ அக்கா என்றார். லோன் கார் விஷயத்தைச் சொல்லவேண்டும் என்றுதான் போனேன். அவர் வேலைத்தலத்தைப் பற்றிக் கதைத்தார், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தார். ஒருமணி நேரம் இருந்தேன். கொண்டுபோன சோற்றுப் பார்சலைக் கொடுத்துவிட்டுச் சொல்லாமலே வந்தேன்.

அடுத்த வாரம் கவுன்டருக்கு ஓர் ஆப்கான் பெண் வந்தார். முதியோர் இல்லமொன்றில் வேலை. அவருடைய காருக்கும் ஏதோ ஒரு பாகம் இல்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது, மாதக்கணக்கிலும் ஆகலாம், ஆனால் உங்களுக்கு லோன் கார் கேட்க உரிமை இருக்கிறது, இப்போதே கேளுங்கள் என்றேன். அவரைக் கூட்டிக்கொண்டுபோய் டேரனின் அறை வாசலில் நின்று, இவருக்கு லோன் கார் வேண்டும் என்றேன்.

டேரன் கணினியில் இருந்து தலையைக்கூட முழுதாகத் திருப்பவில்லை. லாச்சியைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார். “படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்” என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பெண் போனபிறகு நான் ஸ்டோர் அறைக்குள் போய், தட்டுகளுக்கு இடையில் நின்று அழுதேன். வேலை போகும் என்று நினைத்தேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். பதினொரு வாரம் நான் பயந்த விஷயம் இவ்வளவுதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்.

7. கிரான்பர்ன்

குகநாதனுடைய பெட்டி அதற்கு ஒரு மாதம் கழித்து வந்தது. எங்கள் எழுத்தோடுதான் வந்தது. காரைச் சரிசெய்து வேர்க்ஷொப் ஆள் ஒருவர் அவருடைய வீட்டுக்கு ஓட்ட, நான் என் காரில் பின்னால் போனேன்.

குகநாதன் குசினிக் கதிரை ஒன்றில் இருந்தார். ஊன்றுகோல் மேசையில் சாய்ந்திருந்தது. சுகந்தி தேத்தண்ணி போட்டார். இந்தமுறை சொன்னேன். லோன் கார் இருந்ததைச் சொன்னேன். கேட்காதவர்களுக்குச் சொல்லவேண்டாம் என்று மனேஜர் சொன்னதையும், நான் அதற்குச் சம்மதித்ததையும் சொன்னேன். டர்பன் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு கிழமை என்றது நான் அறிந்து சொன்ன கணக்கு அல்ல, எல்லோருக்கும் சொல்கிற பேச்சு என்றும் சொன்னேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “லோன் காருக்குக் காசு கட்ட வேணுமோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

“சைன் மட்டும் வைச்சால் போதுமோ?”

“ஓம்.”

அவர் ஜன்னலால் வெளியே நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்திதான் கதைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொன்னது போலிருந்தது.

“அக்கா, இவர் இங்கிலிஷில ஆர் என்ன சொன்னாலும் வீட்டுக்கு வந்து ரெண்டு தரம் யோசிப்பார். சொன்னது சரியோ எண்டு ஆரிட்டையாவது கேப்பார். நீங்க தமிழில சொன்னபடியா ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை.”

மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் மன்னித்தோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் புறப்பட்டபோது குகநாதன் கோலை ஊன்றி எழுந்து வாசல்வரை வந்தார். வரவேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அந்தப் பத்தடிக்கு அவர் எடுத்த நேரத்தை நான் பின்னால் திரும்பாமல் காதால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அவர் அதே கொட்டிலில் இப்போது உட்கார்ந்து லேபல் சரிபார்க்கிற வேலை செய்கிறார். குனிந்து பெட்டி தூக்க முடியாது. அந்தக் காரைத்தான் இன்னும் ஓட்டுகிறார், நன்றாகத்தான் ஓடுகிறதாம். இதெல்லாம் வேறு ஆட்கள் சொல்லித் தெரியும். கோயிலில் கண்டால் தலையசைப்பார். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு கிட்ட வருவதில்லை.

போன வருடம் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன். கவுன்டர் வேலைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஒருநாள் உங்களையும் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். அந்த நிமிஷத்தில் இருந்து அந்த ஆள் கம்பனியை நம்பவில்லை, உங்களை நம்புகிறார். உங்களுக்குத் தெரியாதென்றால் தெரியாது என்று அவருடைய மொழியில் சொல்லுங்கள். அவருக்கு உரியது லாச்சிக்குள் இருக்கிறதென்றால் அதையும் சொல்லுங்கள். நான் இதைத் தெரிந்துகொண்டபோது குகநாதனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.